பொதுநீரும் பொதுநூலும்

வானம் பார்த்த பூமி என்று நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைச் சொல்வதுண்டு. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கண்ணில் படும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கின்ற மழையைக் கண்மாயில் தேக்கி, அதைக்கொண்டு ஒரு போகம் நெல் விளைவித்து, மேட்டு நிலத்தில் மிளகாய், மல்லி, பருத்தி, குதிரைவாலி என்று பயிரிட்டு வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். அந்தக் கண்மாய் நீர் தனியொருவருக்குச் சொந்தமானதன்று. ஆயினும் அது கேட்பாரற்றுக் கிடந்ததும் இல்லை. மடையைத் திறக்கவும் அடைக்கவும், முறைவைத்து வயல்களுக்கு நீர் விடவும் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் ஊரால் நியமிக்கப்பட்டிருந்தார். விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. எல்லாருக்கும் உரிய பொருளைக் காக்க ஒருவர் வேண்டும்; காக்கின்றவர் அதற்கு உரிமையாளர் ஆகிவிடக் கூடாது. இந்த அரிய அறத்தை எழுத்தறியாத நம் மூதாதையர் நடைமுறையில் கண்டிருந்தனர்.

இதே அறம் அறிவுச் செல்வத்திற்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அண்மைக் காலத்தில் நூலகங்களையும் ஆவணங்களையும் பற்றிய செய்திகள் நாளேடுகளில் மிகுதியாக வருகின்றன. 2023 சூலை 15 அன்று, நமக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள மதுரையில், கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கித் தன் மின்னூலகத்தில் கட்டணமின்றி வைத்துள்ளது. 2024 நவம்பரில் நடுவண் அரசு ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்குக் கிடைக்கும். அரசுத் துறைகளின் புள்ளிவிவரங்களை எவரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கும் தளத்தை நடுவண் அரசு 2012இலேயே தொடங்கிவிட்டது.

இவை யாவும் மகிழத்தக்க செய்திகளே. ஆனால், கதவு திறந்துவிட்டது என்று கேட்டு மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. அறிவு யாருக்குச் சொந்தம்? அதைத் தேடித் தொகுத்தவரின் உரிமை எதுவரை செல்லும்? திறந்த கதவின் வழியே உள்ளே செல்ல எளியவருக்கு இயல்கின்றதா? திறக்கக் கூடாத பெட்டி என்று ஒன்று உண்டா? இவை ஒழுக்கவியல் சார்ந்த கேள்விகள். ஆகவே நம் எல்லாருக்கும் உரிய கேள்விகள்.

இரு ஆசான்கள்

குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் உடைமையைப் பற்றி நான் கற்றவற்றுள் இரண்டு கருத்துகள் இன்றும் நெஞ்சில் நிற்கின்றன. முதலாவது, புனித அகுஸ்தினார் கிறிஸ்தவப் போதனையைப் பற்றி எழுதிய நூலின் தொடக்கத்தில் கூறுவது. பிறருக்குக் கொடுப்பதால் குறைந்துபோகாத பொருள்கள் சில உண்டு. அத்தகைய பொருளைக் கொடாமல் வைத்திருப்பவர், அதை வைத்திருக்க வேண்டிய முறையில் வைத்திருக்கவில்லை என்பது அவர் கருத்து. கண்மாய் நீருக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகின்றது. மேல்மடைக்காரர் அதிகம் பாய்ச்சினால் கடைமடைக்காரரின் பயிர் வாடும். ஒருவர் கற்றதனால் அடுத்தவருக்குக் கற்க மீதமில்லாமல் போவதில்லை. எனவே நீரைப் பதுக்குவதற்குச் சொல்லக்கூடிய சாக்குகூட அறிவைப் பதுக்குவதற்கு இல்லை.

இரண்டாவது, புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் செய்யும் பாகுபாடு. பொருள்களைத் திரட்டுவது, பேணுவது, பகிர்ந்தளிப்பது ஆகியவற்றைப் பொறுத்தவரை மனிதர் தமக்கென உடைமை கொள்ளலாம் என்கிறார் அவர். எல்லாருக்கும் பொதுவான வேலையை ஒவ்வொருவரும் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். தனக்கென்று ஒப்படைக்கப்பட்டதை ஒருவர் கருத்தாய்க் கவனிப்பார். ஒழுங்கும் அமைதியும் நிலவும். இவை அவர் கூறும் காரணங்கள். ஆனால் பொருளின் பயன்பாடு என்று வரும்போது, அதைத் தனக்கே உரியதாகக் கருதாமல் பொதுவானதாகக் கருதவேண்டும். தேவையுற்றவருக்கு மனமுவந்து வழங்கவேண்டும் என்கிறார். காவல் ஒருவருடையது, பயன் அனைவருடையது. நம் நீர்ப்பாய்ச்சியின் அறமும் இதுவேயன்றோ!

இக்காலத் திருச்சபையும் இதே நெறியில் நின்றே பேசுகின்றது. எல்லா உடைமையின் மீதும் ஒரு சமூக அடமானம் உள்ளது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். செல்வ நாடுகள் அறிவுசார் சொத்துரிமையை அளவுக்கு மீறிய கடுமையோடு காக்க முற்படுவதையும், குறிப்பாக நலவாழ்வுத் துறையில் அது விளைவிக்கும் கேட்டையும் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் சுட்டிக்காட்டினார். நிலமும் நீரும் போலவே அறிவும் தொழில்நுட்பமும் மனித குலம் முழுவதற்கும் உரிய நன்மைகள் என்பதே இவற்றின் சாரம்.

தேடியவர்களும் காத்தவர்களும்

தமிழில் முதன்முதலாக அச்சான நூல்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. பதினாறு பக்கமே கொண்ட சிறு நூல். அதைத் தமிழில் ஆக்கியவர் இயேசு சபைத் துறவி அன்றீக்கு அடிகளார். அவருடைய அச்சுப்பணிக்குப் பொருள் வழங்கியவர்கள் முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள். கடலில் மூழ்கி உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய பணத்தை, எழுத்துக்காக ஈந்தவர்கள் அவர்கள். அந்நூலின் படி இன்று இருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில். அதே அடிகளார் 1586இல் வெளியிட்ட ‘அடியார் வரலாறு’ நூலின் படி வத்திக்கான் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டது. புரோயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. அருட்தந்தை தனிநாயகம் அடிகள் அதை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார்.

இதில் யாரைக் குறை கூறுவது? தொலைநாட்டு நூலகங்கள் காத்திராவிட்டால் இவை நமக்கு இல்லாமலே போயிருக்கும். அதற்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அதே வேளையில், பொருள் கொடுத்த மக்களின் பேரப்பிள்ளைகள் அந்நூலைப் பார்க்க நாடுவிட்டு நாடு செல்லவேண்டிய நிலை சில நூற்றாண்டுகள் நீடித்ததும் உண்மை. மின்வடிவாக்கம் என்னும் இன்றைய தொழில்நுட்பத்தின் அறவியல் சிறப்பு இங்கேதான் உள்ளது. காவலை ஓரிடத்தில் வைத்துக்கொண்டே பயனை எல்லா இடத்திற்கும் அனுப்ப அது வழிசெய்கின்றது. அக்குவினாஸ் சிந்தனையில் பிரித்துக் காட்டிய இரண்டையும் நடைமுறையிலும் பிரித்துவைக்க இயலும் என்பதை நம் காலம் காண்கின்றது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகைகள் எழுதும் ஓவியர் அவர். பழைய நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், திருமண அழைப்புகள் என்று, பிறர் குப்பை எனக் கருதியவற்றையெல்லாம் தேடித்தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது அத்தொகுப்பு ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் கொண்டதாக இருந்தது. 1994இல் அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. ஆயினும் கடல் கடந்து எடுத்துச் செல்லாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக அமைக்கத் துணைநின்றது. வாங்கியவருக்கே பொருள் என்னும் வணிக நெறியைவிட, எந்த மக்களின் நினைவோ அந்த மக்களிடையே இருக்கட்டும் என்னும் நெறி உயர்ந்தது. அந்நூலகம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

தீயும் திருட்டும்

காவல் தவறினால் என்ன நேரும் என்பதைத் தமிழினம் கண்ணீரோடு அறியும். யாழ்ப்பாணப் பொது நூலகம், 1933இல் கே.எம். செல்லப்பா என்பவர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு வாசகசாலையிலிருந்து வளர்ந்தது. அதற்குப் பெரிய கட்டடம் எழுப்பும் முயற்சியில் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் அருட்தந்தை லோங் அடிகள் முன்னின்று உழைத்தார். சீர்காழியில் பிறந்து உலகப் புகழ்பெற்ற நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1959இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981 மே 31ஆம் நாள் இரவு தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றுடன் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான அருட்தந்தை தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார். நூல்கள் எரிவதைக் கண்டு உயிர் போகுமா என்று கேட்போர் உண்டு. ஓர் இனத்தின் நினைவு தம் கண்முன் அழிவதை அவர் கண்டார் என்றே நான் புரிந்துகொள்கின்றேன்.

அச்சாம்பலிலிருந்து ஒரு பாடம் பிறந்தது. 2005இல் ஈழத்தமிழ் ஆர்வலர்கள் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, கிடைத்த நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொன்றாகப் படியெடுத்து எவரும் படிக்கும்படி வைத்தனர். அதற்கு முன்பே, 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் சேர்ந்து ‘மதுரைத் திட்டம்’ என்னும் முயற்சியால் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தரத் தொடங்கியிருந்தனர். இவர்களுள் பலர் ஊதியம் பெறாதவர்கள். ஓய்வு நேரத்தில் ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று தட்டச்சு செய்தும் பிழைதிருத்தியும் அளித்தவர்கள்.

ஆயினும் மின்வடிவம் ஆகிவிட்டால் அழிவில்லை என்று எண்ணுவது பேதைமை. 2023 அக்டோபரில் இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் கணினிகளைக் கயவர்கள் ஊடுருவி முடக்கினர். அதன் பட்டியலைக்கூடப் பல வாரங்கள் பயன்படுத்த முடியவில்லை. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் இணைய ஆவணக்காப்பகம் தாக்கப்பட்டுச் சில நாள்கள் செயலிழந்தது. ஓலைக்குக் கரையான் எதிரி. தாளுக்குத் தீ எதிரி. கணினிக்கும் எதிரி உண்டு. பழைய ஓலை நைந்துபோகுமுன் புதிய ஓலையில் படியெடுத்துப் பல வீடுகளில் வைத்த நம் முன்னோரின் வழக்கமே இன்றும் மருந்து. ஒரே இடத்தில் குவித்த செல்வம், நூலே ஆனாலும், ஒரே இரவில் போகக்கூடியது.

உழைத்தவரின் கூலி

அறிவு அனைவருக்கும் உரியது என்றால் எழுதியவர் எதை உண்டு வாழ்வார் என்ற கேள்வி நியாயமானது. உழைத்தவரின் கூலியைப் பிடித்து வைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று என்று மறைக்கல்வியில் நாம் அனைவரும் கற்றிருக்கின்றோம். எழுத்தாளரின் கூலியும் கூலியே. ஒருவர் பல்லாண்டு உழைத்து எழுதிய நூலை, விலைக்கு வாங்க வசதி இருந்தும், திருட்டுப் படியாகப் பெற்று அதைப் பொதுநலம் என்று அழைப்பது நேர்மையாகாது.

இதற்குத் தமிழகம் அழகிய தீர்வொன்றை உலகிற்குக் காட்டியது. நம் கரிசல் பூமியின் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1921இல் மறைந்தபின், அவர் படைப்புகளின் உரிமை பலரிடம் பிரிந்து கிடந்தது. பாடல்களை ஒலிபரப்பும் உரிமை திரைப்பட அதிபர் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. பாரதி நாட்டுக்குச் சொந்தம் என்ற கோரிக்கை எழுந்தபோது, ஓமந்தூரார் தலைமையிலான சென்னை மாகாண அரசு 1949இல் அவ்வுரிமைகளைப் பெற்றது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்தாருக்கு அரசு பொருளுதவி அளித்தது. பின்னர் அப்படைப்புகள் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டன. அதற்குப்பின் பல தமிழறிஞர்களின் நூல்களை, குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை வழங்கித் தமிழக அரசு நாட்டுடைமையாக்கி வருகின்றது. கூலியும் கொடுக்கப்பட்டது, கதவும் திறக்கப்பட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டத்தின் தீர்ப்புகளோ ஒரே வழியில் செல்லவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடப்பகுதிகளைப் படியெடுத்துத் தந்த கடையொன்றின் மீது பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில், பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்விகமாகவோ வந்த உரிமையன்று என்ற கருத்துடன் 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. மாறாக, அச்சு நூல்களை மின்வடிவாக்கி இரவல் கொடுத்த இணைய ஆவணக்காப்பகம், பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2024இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை அது இரவலிலிருந்து நீக்க நேர்ந்தது.

என் எளிய சிந்தனைக்கு எட்டும் அளவுகோல் இது: அந்தப் பூட்டு உழைத்தவரின் உலையில் அரிசி போடுகின்றதா? போடுமானால் அதை மதிப்போம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் அறுபது ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கின்றது. அதற்குள் மறுபதிப்பே காணாமல், வாரிசுக்கும் ஒரு காசு தராமல், வாசகருக்கும் கிட்டாமல் எத்தனையோ நூல்கள் உறங்குகின்றன. எவருக்கும் பயனின்றிப் பூட்டிய அந்நூல்கள், சட்டத்தின் பார்வையில் எப்படியிருப்பினும், அறத்தின் பார்வையில் சிறைப்பட்டவையே.

திறந்தும் எட்டாத பதிவுகள்

இனி, நம் வட்டாரத்து எளியவர்களை நெருங்கித் தொடும் செய்திக்கு வருவோம். நூல்களைப்போலவே பதிவேடுகளும் இன்று திறக்கப்படுகின்றன. நாடெங்கும் உள்ள நீர்நிலைகளை எண்ணித் தொகுத்த முதல் கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. 24 இலட்சத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகள் அதில் இடம்பெற்றன. தமிழகத்தில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேல். எது ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது என்ற கணக்கும் அதில் உண்டு. 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்களாக நடுவண் அரசு தேர்ந்தவற்றுள் தமிழகத்தின் இரண்டு, விருதுநகரும் இராமநாதபுரமும். நம் குழந்தைகளின் ஊட்டம், பள்ளி, நிலம், நீர் ஆகியவற்றைப் பற்றிய எண்கள் அதனால் தில்லியில் இருப்பவர் காணும் அட்டவணையில் ஏறின.

நூறு நாள் வேலைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கண்மாய் தூர்வாரச் சென்ற பெண்ணின் பெயர், வேலை செய்த நாள்கள், பெற்ற கூலி ஆகியன இணையத்தில் வெளியிடப்பட்டு வந்தன. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அதைப் பார்க்கலாம். ஆனால் மண்சட்டி சுமந்த அந்தப் பெண் பார்த்தாரா? தம் பெயருக்கு நேரே எத்தனை நாள் எழுதப்பட்டது என்பதை யாரேனும் அவருக்குப் படித்துக் காட்டினரா? உலகிற்குத் திறந்திருந்த ஏடு, எவரைப் பற்றியதோ அவருக்கு எட்டாமல் இருக்குமானால், அந்தத் திறப்பில் பாதிப் பணி முடியாமல் நிற்கின்றது என்றே பொருள்.

மறுபாதியைச் செய்து காட்டியவர்கள் நம்மைப்போன்ற மற்றொரு வறண்ட நாட்டினர். இராசத்தானில் 1990இல் தொடங்கப்பெற்ற உழவர், தொழிலாளர் அமைப்பொன்று, 1994 முதல் மக்கள் மன்றங்களைக் கூட்டியது. அரசின் வேலைப்பட்டியல்களையும் செலவுச் சீட்டுகளையும் பெற்று, ஊரார் நடுவில் உரக்கப் படித்தனர். இறந்தவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டாத கட்டடத்திற்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்ததும் அம்பலமாயின. படிக்கத் தெரியாதவர்களே சாட்சிகள் ஆயினர். அந்த எழுச்சியே வளர்ந்து, 2005இல் நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டம் பிறக்கத் துணைசெய்தது. தமிழகமும் 1997இலேயே தனக்கெனத் தகவல் உரிமைச் சட்டமொன்றை இயற்றியிருந்தது. வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்விக்கென ஓர் அதிகாரம் வைத்ததன் ஆழம் இங்கே விளங்குகின்றது. கற்க இயலாதவர் கேட்டேனும் அறியவேண்டும். அப்படியாயின் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

திறந்துவைத்தால் வலியவரே அள்ளிச் செல்வர் என்னும் அச்சமும் வெறும் கற்பனையன்று. பொதுக் கண்மாயில் பெரிய மோட்டார் வைத்தவர் முதலில் இறைத்துக்கொள்வதை நாம் அறிவோம். தன்னார்வலர்கள் கூலியின்றித் திரட்டிய நூல்களையும் தரவுகளையும் பெருநிறுவனங்கள் தம் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு இரையாக்கி, அதையே நமக்கு விலைக்கு விற்கும் காலம் இது. ஆயினும் அதற்காகக் கதவை மூடினால் தண்டிக்கப்படுவது எளியவரே. வலியவருக்கு வேறு வழி எப்போதும் உண்டு. பெருநிறுவனம் தான் எடுத்துக்கொண்டதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று கேட்பது நியாயம். அதே நேரத்தில் எளியவரின் கையில் ஒரு குடத்தைக் கொடுப்பதே நம் முதற்கடமை.

அந்தக் குடம் எது? ஊர் நூலகமும் அதிலுள்ள மனிதருமே. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக, நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வாங்கப்படுகின்றது. அருப்புக்கோட்டையில் தறி நெய்யும் தொழிலாளி, ஒரு புத்தகத்தையும் தொட்டறியாதவராயினும், நூலகத்திற்கு வரி கொடுக்கின்றார். ஆக, அவரும் அதன் உரிமையாளர்களுள் ஒருவர். 2006க்குப்பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பல பூட்டிக் கிடந்ததையும், சில ஆட்டுக்கு நிழலானதையும் நாம் பார்த்திருக்கின்றோம். கட்டடமும் நூலும் இருந்து நீர்ப்பாய்ச்சி இல்லாத கண்மாய்கள் அவை. நூல்கள் பயன்படுவதற்காகவே உள்ளன என்பதை அரங்கநாதன் 1931இல் நூலகவியலின் முதல் விதியாக வகுத்தார். இவ்வளவு எளிய உண்மையை ஒரு விதியாக எழுதவேண்டி வந்ததே, அது எத்துணை மறக்கப்படுகின்றது என்பதைக் காட்டும்.

மூடிவைக்க வேண்டியவை

எல்லாவற்றையும் திறக்கலாமா? இதற்குப் பங்கு அலுவலகத்தின் பழைய பேரேடுகளே நல்ல ஆசிரியர்கள். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை ஒவ்வொரு பங்கும் வைத்திருக்க வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் ஒழுங்கு செய்தது. இன்றைய திருச்சபைச் சட்டம் 535ஆம் எண்ணில், பழைய ஏடுகளையும் கருத்தாய்ப் பேணுமாறு பங்குத்தந்தையரைப் பணிக்கின்றது. திருச்சபையின் ஆவணக்காப்பகங்களுக்கு மேய்ப்புப்பணி சார்ந்த கடமை உண்டு என்று வத்திக்கான் 1997இல் தனி அறிக்கையே வெளியிட்டது.

இப்பதிவேடுகள் எத்துணை உயிருள்ளவை என்பதை நம் வட்டாரம் அறியும். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் பலர். 1948இல் அந்நாட்டின் குடியுரிமைச் சட்டம் முன்னோர் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டபோது, ஏழைத் தொழிலாளரிடம் காட்ட ஏடு இல்லை, இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. ஒரு வரிப் பதிவு இல்லாமையால் மனிதர் ஒருவர் எந்த நாட்டவரும் இல்லாதவர் ஆக முடியும் என்பதை வரலாறு காட்டிவிட்டது. ஆகவே எவரேனும் தம் பாட்டனாரின் திருமுழுக்குப் பதிவைத் தேடி வந்தால், அவருக்கு அதைத் தேடிக் கொடுப்பது சலுகையன்று, நீதி.

ஆனால் அதே பேரேட்டில் தந்தை பெயர் எழுதப்படாத குழந்தையும் உண்டு. தத்தெடுக்கப்பட்டதன் குறிப்பும், செல்லாது என்று தீர்க்கப்பட்ட திருமணமும், ஊரார் அறியவேண்டாத சாதிக் குறிப்பும் உண்டு. அவற்றையெல்லாம் படமெடுத்து இணையத்தில் ஏற்றினால், உயிரோடிருக்கும் ஒருவரின் ஆறிய புண்ணைக் கிளறியவர் ஆவோம். தனிமனிதரின் மின்தரவுகளைக் காக்க நம் நாடும் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தி, அதிகாரிகள் தங்களை மறைத்துக்கொள்ள இடமளிக்கின்றது என்னும் குற்றச்சாட்டும் எழுந்துள்ளது. இங்கே ஓர் அளவுகோல் நமக்கு உதவும். வலியவரின் அதிகாரத்தைப் பற்றிய பதிவு வெளிச்சத்திற்கு வரவேண்டும். எளியவரின் காயத்தைப் பற்றிய பதிவு நிழலில் இருக்கவேண்டும். மறைவு என்பது தவறு செய்தவரின் போர்வையாகவும் ஆகலாம், துன்புற்றவரின் ஆடையாகவும் இருக்கலாம். போர்வையை விலக்குவதும் ஆடையை உருவாதிருப்பதும் ஒரே நீதியின் இரு செயல்கள்.

திருச்சபையும் இப்பாடத்தைப் படிப்படியாகக் கற்றுவருகின்றது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1881இல் வத்திக்கான் ஆவணக்காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் அதன் பெயரிலிருந்து ‘இரகசியம்’ என்ற சொல்லை நீக்கினார். பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்து ஆவணங்கள் 2020 மார்ச்சில் ஆய்வுக்குத் திறக்கப்பட்டன. போர்க்காலத்தில் உதவி வேண்டி யூத மக்கள் எழுதிய விண்ணப்பங்கள் அடங்கிய கோப்புகள் 2022இல் இணையத்திலும் வைக்கப்பட்டன. அக்கோப்புகள் திருச்சபைக்குப் புகழையே தரும் என்ற உறுதி எவருக்கும் இல்லை. உதவி பெற்றவரும் உண்டு, பெறாதவரும் உண்டு. இருந்தும் அவை திறக்கப்பட்டன. உண்மை அந்த மக்களின் பிள்ளைகளுக்கு உரியது. காவலருக்கு அதை மறைக்கும் உரிமை இல்லை.

நம் கைக்கு எட்டும் பணி

சட்ட வல்லுநர்கள் அறிவின் திறவுகோலை எடுத்துக்கொண்டு, தாமும் நுழையாமல் நுழைய வந்தவரையும் தடுத்தார்கள் என்று ஆண்டவர் கடிந்துகொண்டதை லூக்கா பதிவு செய்துள்ளார். அவ்வார்த்தை குருக்களாகிய எங்களையும், கற்றவர்களாகிய உங்களையும் நோக்கியதே.

நம் பங்குகளில் செய்யக்கூடியவை சில உண்டு. புனிதர் வரலாற்று வாசாப்பு ஏடுகள், அம்மானைகள், பழைய செபப்புத்தகங்கள், தாத்தா இலங்கையிலிருந்து எழுதிய கடிதங்கள் ஆகியன எத்தனையோ வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. வீடு வெள்ளையடிக்கும்போது அவை பழைய தாள்காரருக்கு எடைக்குப் போகின்றன. அவற்றைப் போடுமுன் ஒரு சொல் கேளுங்கள். நம் பிள்ளைகளின் கையிலிருக்கும் செல்பேசியே அவற்றைப் படமெடுக்கப் போதும். மூல ஏடு வீட்டாரிடமே இருக்கட்டும், படிகள் பலவாகட்டும். கடிதங்களில் மறைக்கவேண்டியது இருந்தால் அதை முடிவு செய்வது அந்த வீட்டாரின் உரிமை.

கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப்பின் ஒரு மணி நேரம் ஊரார் நடுவில் அமரட்டும். பட்டா, கண்மாயின் புல எண், பயிர்க் காப்பீட்டுப் பட்டியல், முதியோர் உதவித்தொகையின் நிலை ஆகியன இணையத்தில் உள்ளனவே; அவற்றைத் தேடி எடுத்து, கேட்பவருக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். கிறிஸ்தவர், மற்றச் சமயத்தவர் என்ற வேறுபாடின்றி எவரும் வந்து கேட்கட்டும். தம் பெயர் அரசின் ஏட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றது என்பதை எழுபது வயதுப் பாட்டி ஒருவர் முதன்முறையாகக் காதால் கேட்பாரானால், அன்று அந்த ஊரில் ஒரு நூலகம் திறக்கப்பட்டது என்றே கொள்ளலாம்.